நாலு மணிக் கடல்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஆல்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புதுத்துணி தைப்பவள் அல்ல. பிறர் தைத்ததைப் பிரித்து, பிடித்து, விட்டு, மடித்து, போட்டுக்கொள்கிறவர் உடம்புக்குத் தக்கபடி ஆக்கித் தருவாள். பெருத்தவர்களுக்கு இடுப்பை விடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடிப்பாள். யார் ஒரே வருடத்தில் எத்தனை அங்குலம் கரைந்துபோனார் என்பதெல்லாம் அவளுடைய டேப்புக்குத் தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வராது. அவளிடம் நல்ல குணம் என்று சொல்ல இது ஒன்றுதான் இருந்தது. மற்றபடி சரியான சிடுமூஞ்சி. அழுக்குக் காலரோடு ஒரு கோட்டைக் கொண்டுவந்து நீட்டினால், "நான் தைக்கிறவ, தொவைக்கிறவ இல்ல" என்று கோட்டையும் ஆளையும் சேர்த்துப் படியிறக்கிவிடுவாள்.

வீடும் கடையும் ஒன்றுதான். இரண்டாவது மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் தையல் மெஷின், ஓவர்லாக் மெஷின், இஸ்திரி மேஜை, கம்பியில் வரிசையாக மற்றவர்களுடைய கோட்டுகள். பின்னறையில் கட்டில். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. பெயருக்குத்தான் ஜன்னல். திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். வெயிலா மழையா என்பதை அந்தச் சுவரின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டிலில்தான் அவளுடைய கணவர் படுத்திருந்தார்.

அவர் முப்பத்தொரு வருடம் படகுத்துறையில் வேலை பார்த்தவர். அக்கரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய படகு கரைக்கு வந்து ஒட்டும்போது, இறங்கு பலகையைத் தண்ணீர் மட்டத்துக்குத் தக்கபடி ஏற்றியும் இறக்கியும் வைப்பது அவர் வேலை. ஒரு சாண் தப்பினால் வண்டி மூக்குக் குத்திக் கடலில் விழும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சைக்கிள்கூட விழுந்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே மனைவியின் காதைப் புண்ணாக்கியவர் அவர்.

வேலை முடிந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இவர் நாலு மணிக்குக் கடலோரமாக நடக்கப் போவார். அதுவும் குளிர்காலத்தில்தான். கோடையில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "கோடையில கடல் ஊருக்கே சொந்தம். குளிர்ல எனக்கு மட்டுந்தான்" என்பார். படகுத்துறையிலிருந்து தடுப்புச்சுவரை ஒட்டிப் போகிற பாதையில் போய், அலைதாங்கிக் கற்குவியலின் முனைவரை நடந்துவிட்டு, மூக்கு நுனி சிவக்கத் திரும்பி வருவார். குளிர் முடிகிற மாதங்கள்தான் அவருக்கு உயிர். அப்போது கடல் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது என்று சொல்வார்.

ஒவ்வொரு வருடமும் மனைவியைக் கூப்பிடுவார். "ஒரே ஒரு தடவ வாயேன்."

"கடல் என்ன ஓடியா போகுது? இன்னொரு நாள் பாக்கலாம். இந்த ஜிப்ப நாளைக்குள்ள மாத்திக் குடுக்கணும்."

இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் கடற்கரைக்குப் போனது இரண்டே தடவை. ஒன்று கல்யாணமான புதிதில். இன்னொன்று அவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க. அவளைப் பொறுத்தவரை கடல் என்றால் கணவருடைய கால்சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற மணல்தான். அந்த மணல் மெஷினுக்குள் போனால் ஊசி உடையும். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் சண்டை போட ஒரு காரணம் வேண்டுமல்லவா, இந்த மணல் அதற்கு உதவியது.

இப்போது அவர் எங்கும் போக முடியாது. நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரி பகலாக உறுமுகிற ஆக்ஸிஜன் மெஷின். குளிர்காலம் தொடங்கிய வாரத்தில் வந்து பார்த்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "குளிர் காத்து உள்ள போச்சுன்னா தாங்காது. குளிர் முடியட்டும். அப்புறம் சக்கர நாற்காலியில வெச்சுக் கடலோரம் கூட்டிட்டுப் போங்க. நானே அனுமதி தர்றேன்."

அன்றிலிருந்து அவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. மருந்து கசந்தாலும் குளிர் முடியட்டும், இருமல் தூக்கிப்போட்டாலும் குளிர் முடியட்டும்.

குளிரோ முடிகிற வழியாக இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்காக ஒண்ணு செய்வியா? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"என்னத்த?"

"கடல."

"இந்தக் குளிர்லயா? எனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில், கடலுக்கு வா என்பதைத் தவிர, அவர் அவளிடம் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்ட மனிதரே இல்லை. சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டே படியிறங்கினாள்.

முதல் நாள் திரும்பி வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தண்ணியா இருந்துச்சு."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் மூச்சு முட்டி, அவள் பயந்துபோய் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மறுநாள், "பெரிசா இருந்துச்சு" என்றாள். அதற்கு மறுநாள், "காத்தடிச்சுது. காதே போயிடுச்சு" என்றாள். உள்ளபடியே அவள் எதையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய், முனையைத் தொட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். மனசெல்லாம் வீட்டில் குவிந்து கிடக்கிற வேலையில். ஓட்டல் ஒன்றிலிருந்து ஊழியர்களுக்கான கோட்டும் கால்சட்டையுமாக அறுபது உருப்படி வந்திருந்தது. எல்லாம் ஒரே அளவில் தைத்து வாங்கிவிட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உடம்புக்குப் பொருத்தித் தா என்று அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

நாலாம் நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது. தெருக்கோடி மருந்துக்கடைவரை போனவளுக்கு அதற்கு மேல் கால் எழவில்லை. கடைக்குள் ஹீட்டரை ஒட்டி ஒரு நாற்காலி, சீட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காகப் போட்டது. உட்கார்ந்தாள். சூடு முழங்காலுக்கு இதமாக இருந்தது. அப்படியே நாற்பது நிமிடம் போய்விட்டது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தது பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அல்ல. ஆனால் வந்தது. "அலை படிக்கட்டுல மூணாவது படி வரைக்கும் ஏறிச்சுங்க. ஒரு பொண்ணு செவப்புக் கோட்டு போட்டுட்டு நின்னுச்சு. தோள்பட்டை ரெண்டும் இறங்கித் தொங்குது. அலை வரவும் பின்னால குதிச்சுது பாருங்க, கோட்டு ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் தெளிந்திருந்தது. "அப்புறம்?" என்றார்.

அப்புறம் என்று அவர் கேட்டதுதான் வினை. மறுநாளும் அவள் மருந்துக்கடையில்தான் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் சால்வைக்குள் ஒரு கால்சட்டையையும் ஊசிநூலையும் ஒளித்து எடுத்துப் போய், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மடிப்புத் தைத்து முடித்துவிட்டாள். கடலுக்குக் கடலும் ஆயிற்று, வேலைக்கு வேலையும் ஆயிற்று. அவள் கைப்பட்ட கோட்டுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கடற்கரைக்கு வந்து நின்றன. முழங்கை தேய்ந்த சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் நாயோடு வந்தார். பித்தான் மாறிப் போட்டுக்கொண்ட ஒரு கிழவருடைய குடையைக் காற்று திருப்பிவிட்டது. அலை தினமும் மூணாவது படிவரை ஏறியது. தனக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்பது அவளுக்கே புதிது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீங்கள் அவளை வெறுக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு வந்தான். படகுத்துறையில் படகைக் கட்டக் கயிறு வீசுகிறவன் என்பதால் அந்தப் பெயர். அவருக்குக் கீழே பதினைந்து வருடம் வேலை பார்த்தவன், அண்ணன் என்றால் உயிரை விடுவான். ஒரே குறை, வாய் நிற்காது. ஆரஞ்சுப் பழப் பையை மேஜையில் வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, நம்ம கரைப்பாதை போச்சுண்ணே! புயல்ல தடுப்புச் சுவரு இடிஞ்சு விழுந்து, பாதைய மூடி ஒம்போது நாளாச்சு. வேலி போட்டு ஆள் வேற நிறுத்தியிருக்கான். ஒரு ஈ காக்கா உள்ள போக முடியல."

டீ கொண்டுவந்த அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "தெரியும்டா" என்றார். "இவ கீழ்ப்பாதையில போறதில்ல. ஐஸ் கெடங்குக்குப் பின்னால ஒரு மேட்டுப்பாதை இருக்குல்ல, அதுல போறா."

"அந்தப் பாதையிலயா? அதுல ஆடுதானே போகும்!"

"இவளும் போறா."

கயிறு அண்ணியை வாய் பிளந்து பார்த்தான். "கெட்டிக்காரி அண்ணி நீங்க" என்றான். அவள் டீயை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து மெஷினை ஓட்டினாள். ஒரு முழம் தைத்த பிறகுதான் ஊசியில் நூலே கோக்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

அவன் போன பிறகும் அவள் பின்னறைக்குப் போகவில்லை. அவராகத்தான் கூப்பிட்டார். வந்து கட்டில் கால்மாட்டில் நின்றாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"அஞ்சாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

"எப்படி?"

"இன்னைக்கு ஏர்ற தண்ணி நாளைக்கு முக்கா மணி நேரம் தள்ளித்தான் ஏறும். அதுக்கு மறுநாள் இன்னும் தள்ளிப்போகும். ஒரு வாரத்துல நாலு மணிக்குக் கடல் வத்திப்போய்ச் சேறு தெரியும். நீ என்னடான்னா தினமும் நாலு மணிக்கு மூணாவது படி, மூணாவது படின்னே சொல்ற. முப்பத்தொரு வருஷம் நான் அங்க என்ன புல்லா புடுங்கிட்டு இருந்தேன்?"

தப்புச் செய்தவர்களுக்குத்தான் கோபம் முதலில் வரும். "அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? என்னப் பைத்தியக்காரி மாதிரிப் பேசவிட்டு வேடிக்க பாத்தீங்களா?"

"சொன்னா நீ நிறுத்திடுவ" என்றார் அவர்.

அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் மூன்றரைக்கே கிளம்பிவிட்டாள். அவர் வாயிலிருந்து அவசரத்தில் வந்த பாதைதான் என்றாலும் பாதை நிஜமாகவே இருந்தது. ஐஸ் கிடங்கின் பின்சுவரை ஒட்டி, முள்செடிகளுக்கு நடுவே மேடேறிப் போயிற்று. இலை உதிர்ந்துபோன நாலைந்து மரங்கள். அவற்றுக்குக் கீழே புல்லில் காலை விழுந்த உறைபனி நாலு மணிவரை கரையாமல் கிடந்தது. மேட்டின் உச்சியில் நின்று, பார்க்கத்தான் வந்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் தலையை நிமிர்த்தினாள்.

கடல் வற்றிக் கிடந்தது. அவர் சொன்னபடியே. கரையிலிருந்து வெகுதூரம்வரை ஈர மணல், அதற்கப்பால் ஒரு கோடாக வெள்ளை நுரை, அதற்கும் அப்பால் வானமா தண்ணீரா என்று தெரியாத ஒரு சாம்பல். மணலில் வரிவரியாக மேடும் பள்ளமும், யாரோ விரல்களால் கொசுவி வைத்ததுபோல. சின்னச் சின்ன உள்ளான் பறவைகள் நுரையின் ஓரமாகவே ஓடி, மெஷின் ஊசி மாதிரி மணலைக் குத்திக் குத்தி எடுத்தன. அலை வந்தால் எல்லாம் சேர்ந்து பின்னால் ஓடின, அலை போனால் எல்லாம் சேர்ந்து முன்னால் ஓடின. ஒன்றுகூட நனையவில்லை. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது வலித்தது. மூக்கு ஒழுகியது. ஆனாலும் போக மனசு வரவில்லை. இவ்வளவு வருடம் இது இங்கேதான் இருந்தது, அவர் இங்கேதான் தனியாக நடந்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். நிறம் என்ன நிறம் என்று அவர் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டாள். சாம்பல் என்றாள்.

"என்ன சாம்பல்? சாம்பல்ல எத்தனையோ இருக்கு."

அது அவளுக்குத் தெரியாதா? அவள் நூல்பெட்டியில் சாம்பலில் மட்டும் எட்டு நூல்கண்டு இருந்தன. துணிக்கு நூல் பொருத்துகிறவர்கள் விளக்கு வெளிச்சத்தை நம்ப மாட்டார்கள். துணியின்மேல் நூலை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அடுத்த நாள் எட்டுக் கண்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு மேடேறினாள். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் கடலுக்கு நேரே நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். யாராவது பார்த்திருந்தால் சந்தேகமே இல்லாமல் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பொருந்திய கண்டை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னைக்குக் கடல் இதுங்க."

அவர் நூலைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் பச்சை ஓடுது பாரு. காலையில மழை இருந்திருக்கும். காத்து தெக்கேருந்து அடிச்சுதா?"

"ஆமாங்க! எப்படிச் சொன்னீங்க?"

"இதுல எழுதி ஒட்டியிருக்கே" என்றார். அன்று ராத்திரி இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கிற்று.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் ஒருநாள் தவறவில்லை. ஓட்டல் உருப்படிகளை விடிகாலையில் எழுந்து தைத்தாள். மூடுபனியில் கடல் கண்ணுக்கே தெரியாமல் சத்தம் மட்டும் வந்த நாள், கடற்காக்கைகள் காற்றில் சிறகடிக்காமல் ஒரே இடத்தில் தொங்கிய நாள், மழைக்கும் வெயிலுக்கும் நடுவே அரை மணி நேரம் தண்ணீர் ஈயத் தகடாகக் கிடந்த நாள், எல்லாம் அவர் கட்டிலுக்கு வந்து சேர்ந்தன. ஒன்றும் இல்லாத நாளில், ஒன்றும் இல்லை என்றே சொன்னாள். அதையும் அவர் ஆசையாகக் கேட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொள்ளாததையெல்லாம் அந்த மூன்று வாரத்தில் பேசினார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவளுக்கோ, ஏன் இவ்வளவு தாமதமாக என்கிற வருத்தம் உள்ளேயே உறுத்திக்கொண்டிருந்தது.

குளிர் முடிந்ததும் நாற்காலியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுவரை அவர் முடிவு செய்துவிட்டார். மேட்டுப்பாதையில் நாற்காலி ஏறாது. அதற்குள் கீழ்ப்பாதையைத் திறந்துவிடுவார்கள். கயிறு தள்ளிக்கொண்டு வருவான். போட்டுக்கொள்ள அவருடைய பழைய துறைமுகக் கோட்டு இருக்கிறது. அதைச் சரிபண்ண அவள் டேப்பை எடுத்து அவர் மார்பைச் சுற்றி அளந்தாள். ஆறு அங்குலம் குறைந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, வாடிக்கையாளர்களிடம் சொல்லாததைப்போலவே. முன்னறைக்கு வந்து இரண்டு பக்கமும் பிடித்தாள். மிச்சத் துணியை வெட்டி எறியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மொத்தையாக இடிக்கும். ஆனால் கத்தரிக்கோலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். திரும்பவும் உடம்பு தேறினால் பிரித்துவிடலாம் என்று அப்படியே உள்ளே மடித்துத் தைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா வந்தார். வெகுநேரம் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "நல்லா ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் மாடிப்படிவரை கூடவே வந்தாள்.

"டாக்டரம்மா, குளிரு முடியப்போகுது. என்னைக்குக் கூட்டிட்டுப் போகலாம்?"

டாக்டரம்மா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "இனிமே குளிரு பிரச்சினை இல்லம்மா. அவரால கட்டில விட்டு எறங்கவே முடியாது. படி எறக்குறதுக்குள்ள மூச்சு நின்னுடும். ஆஸ்பத்திரிக்குக்கூட வேண்டாம், வீட்டுலயே இருக்கட்டும்."

"எத்தன நாள்?"

"ரெண்டு வாரம். மூணு வாரம் இருந்தா பெரிசு. அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அவள். "வேண்டவே வேண்டாம்."

விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு இரக்கம் கிடையாது. சரியாக அந்த வாரம்தான் குளிர் விட்டது. அவள் மேடேறியபோது புல்லில் பனி இல்லை. மரங்களின் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஏதோ பச்சை. உச்சியில் நின்று பார்த்தால் கடல் முழுக்க வெயில். எட்டுச் சாம்பலில் எதுவும் அதற்குப் பொருந்தாது. அது நீலமாக இருந்தது. கீழே பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஜனங்கள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். உள்ளான்கள் எப்போது போயின என்று தெரியவில்லை, ஒன்றைக்கூடக் காணோம். வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. அது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை அனுபவித்த தன் உடம்பின்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுது தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்தாள்.

"எப்படி இருந்துச்சு? குளிரு விட்டுச்சா?"

குளிர் விட்டது என்றால் நாற்காலி எங்கே என்பார். நாற்காலி இல்லை என்றால் ஏன் என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

"எங்க விடுது? இன்னைக்குத்தான் ரொம்ப மோசம்" என்றாள். "மூடுபனி. மேட்டுல நின்னா என் கையே எனக்குத் தெரியல."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, இன்னும் ஒரு வாரம்" என்றார்.

இந்த முறை அவள் தண்ணீர்க் கணக்கில் தப்பு விடவில்லை. தினமும் மேடேறிப் போய், கடல் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து அதைமட்டும் உள்ளபடி சொன்னாள். பனியும் காற்றும்தான் அவள் தைத்தவை. சுவரில் வெயில் அடிப்பது தெரியாமலிருக்க ஓட்டல் கோட்டுகளைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் நெருக்கமாக மாட்டினாள். ஓட்டல்காரர்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். இன்னும் பித்தான் பாக்கி என்று விரட்டிவிட்டாள். கயிறைப் படியிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். போனவன் அளவோடு நடித்தானா? கையைக் கையைத் தேய்த்துக்கொண்டான், பல்லைத் தந்தியடித்தான், "அண்ணே, படகு கயிறு விறைச்சுக் கம்பியா நிக்குதுண்ணே" என்றான். ஊரையே பனியில் புதைத்துவிட்டுத்தான் எழுந்தான். அவள் அவனைக் கண்ணால் எரித்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாத்து இருங்கடா" என்றார்.

அவர் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கியது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். ஆனால் நாலு மணி அடித்தால் அவளைப் பார்ப்பார். போ என்று கண் சொல்லும்.

டாக்டரம்மா வந்துபோன பன்னிரண்டாம் நாள் வெளியே கொளுத்தியது. கோடை வந்துவிட்டது போலிருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் பார்ப்பாரே என்று அவள் ஸ்வெட்டர் போட்டு, மேலே சால்வையும் போர்த்தியிருந்தாள். போன வேகத்தில் திரும்பி, அவரைத் தனியாக விட்டு வந்த பயத்தில் பாதி வழியை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறி வந்தாள். வாசலில் சால்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். நேரே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்துங்க. கரையில ஒரு ஜனம் இல்ல. கடற்காக்காயெல்லாம் கழுத்த உள்ள இழுத்துக்கிட்டுக் கல்லு மேல குந்தியிருக்கு. தண்ணி பாதி ஏறியிருக்கு. நொரை பறந்து வந்து மூஞ்சியில அடிக்குது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தூக்கினார். அந்தக் கை எழும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அவள் நெற்றியிலிருந்து வடிந்துகொண்டிருந்த வியர்வையை விரலால் துடைத்தார். மேலுதட்டில் துளிர்த்திருந்ததையும் துடைத்தார். நனைந்த விரலைப் பார்த்தார்.



"ரொம்பக் குளிரா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "பல்லு கிட்டுது."

"இந்த வருஷம்..." மூச்சு வாங்கினார். "விடவே மாட்டேங்குது."

"ஆமாங்க."

"விடாட்டி போகுது." அந்தக் கை அவள் மடியில் விழுந்து அங்கேயே கிடந்தது. "இங்க உள்ள குளிரு இல்ல. சால்வையக் கழட்டிட்டு உக்காரு."

அவள் கழற்றினாள்.